மஞ்சள் உடுத்த அனுமதி

கல்யாண அழைப்பிதழ் கூரியரில் வந்தது. அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் 14 பக்கக் கோப்பு ஒன்று வந்தது. எந்த வேளைக்கு என்ன நிறம், எந்த உடை, எப்படிப்பட்ட செருப்பு என்று விருந்தினருக்குச் சொல்லும் கையேடு. கல்லூரியில் என்னோடு படித்த தோழிக்கு உதய்பூரில் கல்யாணம். சௌகார்பேட்டை மார்வாரிக் குடும்பத்துப் பெண். பிறந்தது, வளர்ந்தது, சண்டை போடுவது எல்லாம் சென்னைத் தமிழில்தான். தாத்தா விட்டுவந்த ராஜஸ்தானுக்குக் கல்யாணம் செய்துகொள்ளவென்று திரும்பிப் போகிறார்கள். மூன்று நாள், ஐந்து நிகழ்ச்சிகள். எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து அழைப்பு. நாகர்கோவிலிலிருந்து அம்மா விடுதிக்குக் கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்தில் பாதியைத் தின்றவள் அவள்தான் என்பதால் அம்மாவை விட்டுவிட்டுக் கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை.

நான் இலக்கியம் கற்பிக்கிறவள். கையில் கிடைக்கிற எதையும் பிரதியாக வாசிக்கிற கெட்ட பழக்கம் உண்டு. மளிகைக்கடைச் சீட்டையும் விடமாட்டேன். இந்தக் கையேட்டையும் அப்படித்தான் வாசித்தேன். கவிதைத் தொகுப்புகளுக்கு மதிப்புரை எழுதுகிற நாம் இதுபோன்றவற்றை எழுத்தென்றே கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் ஒரு தலைமுறைப் பெண்களின் பணத்தையும் தூக்கத்தையும் இவ்வளவு நேரடியாகக் கட்டுப்படுத்தும் எழுத்து வேறு எது இருக்கிறது?

மெஹந்திக்குப் பச்சை. ஹல்திக்குக் கடுகு மஞ்சள். சங்கீத்துக்கு மரகதம், மாணிக்கம், நீலம் என்று கற்களின் நிறம். கல்யாணத்துக்கு ‘ராஜபுதானத்து அரச மரபு’. மறுநாள் பகல் விருந்துக்கு வெளிர் நிறங்கள். அட்டை போக, பெண்களுக்கு 11 பக்கம், ஆண்களுக்கு 2 பக்கம். ஆண்களின் பக்கத்தில் குர்தா, பந்த்கலா என்று இரண்டு மூன்று சொற்கள், பிறகு ஒரு வாக்கியம்: சாஃபாவை நாங்களே கட்டிவிடுவோம். சாஃபா என்பது அங்கத்துத் தலைப்பாகை. வாசலில் அதற்கென்றே கூலிக்கு அமர்த்தப்பட்டவர் நிற்பார். ஆண் விருந்தினர் தலையை நீட்டினால் போதும், பல மீட்டர் துணி ஒரு நிமிடத்தில் தலையில் ஏறிவிடும். மாப்பிள்ளை வீட்டு ஊர்வலத்தில் எல்லா ஆண்களின் தலையிலும் ஒரே நிறம். ஆணுக்கு உடை என்பது விருந்தளிப்பவர் கையால் செய்யப்படும் மரியாதை. பெண்ணுக்கு அது அவளே வாங்கி, தைத்து, தேய்த்து, பெட்டியில் சுமந்துகொண்டு வர வேண்டிய வீட்டுப்பாடம்.

பெண்களுக்கான பக்கங்களில் கட்டளைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. பாரம்பரியமாக உடுத்துங்கள், ஆனால் உங்கள் தனித்தன்மை தெரியட்டும். பளிச்சென்று இருங்கள், ஆனால் மணப்பெண்ணை மிஞ்சிவிடாதீர்கள். வசதி முக்கியம், ஆனால் குதிகால் செருப்பு புல்தரையில் புதையும், அகலமான அடிப்பாகம் உள்ளதாகப் பாருங்கள். தட்டைச் செருப்பு போட்டு வரலாம் என்று சொல்ல அந்தக் கையேட்டுக்கு வாய் வரவில்லை.

‘மணப்பெண்ணை மிஞ்சிவிடாதீர்கள்’ என்ற வரியில் நான் வெகுநேரம் நின்றேன். கல்யாண உடை பற்றி எந்த மொழியில் எந்தப் பத்திரிகை எழுதினாலும் இந்த வரி வந்துவிடும். மாப்பிள்ளையை மிஞ்சிவிடாதீர்கள் என்று ஆண்களுக்கு எவரும் சொல்வதில்லை. அவர்கள் எல்லாருக்கும் மாப்பிள்ளையைப் போலவே தலைப்பாகை கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டுவதால் அவன் தலைவனாகிறான், மற்றவர்கள் அவன் படையாகிறார்கள். பெண்கள் கூடும் இடம் மட்டும் போட்டிக்களம் என்று முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருக்கிறது. ஒருத்தி ஒளிர வேண்டுமென்றால் மற்றவர்கள் கொஞ்சம் மங்க வேண்டுமாம். ஆனால் முழுக்க மங்கிவிடவும் கூடாது, படத்தில் பின்னால் தெரிய வேண்டும். 300 பேரின் உடலைக் கொண்டு தீட்டப்படும் ஒரு பின்புலத் திரை. மெஹந்திக்குப் பச்சை என்றால், புல்வெளிக்கும் அலங்காரப் பூவுக்கும் பொருந்துகிற பச்சை என்று பொருள்.

விருந்தினரின் உடை எப்போதிலிருந்து இவ்வளவு பெரிய காரியமாயிற்று? நான் என் மாணவிகளிடம் 1994இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படத்தைச் சொல்வேன். கதைப்படி நாயகி மணப்பெண் அல்ல, மணப்பெண்ணின் தங்கை. கல்யாண வீட்டில் சுற்றிவருகிற பெண்ணே காட்சியின் மையம். மாதுரி தீட்சித் அதில் கட்டிய ஊதாச் சேலையும் முதுகு திறந்த ரவிக்கையும் ஊர் ஊராகத் தையற்கடைகளுக்குப் போயின. 2013இல் ‘யே ஜவானி ஹை தீவானி’ வந்தது. அதன் கல்யாணப் பகுதி நடப்பது இதே உதய்பூரில். அங்கும் தீபிகா படுகோன் மணப்பெண் அல்ல, தோழி, அதாவது விருந்தாளி. முதல் படம் வீட்டுக்குள் நடக்கும் கல்யாணத்தைக் காட்டியது. இரண்டாவது, ஊரைவிட்டு ஊர் போய்க் கோட்டையிலும் ஏரிக்கரையிலும் செய்துகொள்ளும் கல்யாணத்தை நடுத்தர வர்க்கத்தின் கனவாக்கியது. பிரதமர் 2023 நவம்பரில் தன் வானொலி உரையில், வெளிநாடுகளுக்குப் போய்க் கல்யாணம் செய்கிற குடும்பங்கள் இந்தியாவிலேயே செய்துகொள்ளலாமே என்று கேட்டுக்கொண்டார். உள்நாட்டு வியாபாரத்துக்கு நல்லது என்பது அவர் வாதம். அந்த வியாபாரத்தில் விருந்தாளிப் பெண்ணும் ஒரு வாடிக்கையாளர் என்பது உரையில் வரவில்லை.

என் கணக்கைச் சொல்கிறேன். சங்கீத்துக்கு வாடகை லெஹங்கா 4,500 ரூபாய், முன்பணம் தனி. கல்யாணத்துக்கு என்னிடம் இருந்த அரக்கு நிறக் காஞ்சிபுரம் போதும் என்று நினைத்தேன். அது சிவப்பாகத் தெரியும், மணப்பெண்ணின் நிறம் என்று தோழியின் மைனி தொலைபேசியில் தயங்கினார். ஆக, நீலத்தில் ஒரு பட்டு, 7,800. பச்சைக்குப் பழைய சேலை, புது ரவிக்கை. அம்மாவின் மஞ்சள் சேலை 3,200. ரவிக்கை தைக்க, ஃபால் வைக்க, ஓரம் அடிக்க என்று தனிச் செலவு. விமானச் சீட்டை இதில் சேர்க்கவில்லை. என்னோடு வேலை பார்க்கும், அதே கல்யாணத்துக்கு வந்த ஆண் நண்பர் ஒரு குர்தாவை இரண்டு முறை போட்டார். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

இப்போது ஒரு ஒப்புதல். அந்த மரகதப் பச்சை லெஹங்காவை அறையில் போட்டுப் பார்த்தபோது ஒரு சுற்று சுற்றினேன். பாவாடை விரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பெண்ணியம் பேசுகிறவள் அலங்காரத்தை ரசிக்கக் கூடாது என்று என்னிடம் யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆனால் அன்று இரவு நடந்ததையும் எழுத வேண்டும். குளிர்காலம். பிச்சோலா ஏரிக்கரையில் திறந்த புல்வெளி. கம்பளித் துணியில் தைத்த பந்த்கலாவில் ஆண்கள் நிம்மதியாக நின்றார்கள். கையில்லாத, முதுகில்லாத ரவிக்கைகளில் பெண்கள் வெப்பம் தரும் கம்பங்களைச் சுற்றி ஈசல்போல மொய்த்தோம். சால்வை போட்டால் வேலைப்பாடு மறைந்துவிடும் என்று ஒருவரும் போடவில்லை. லெஹங்காவுக்குள் பாவாடையைப் புடைக்க வைக்கும் அடுக்குவலை இருக்கிறதே, அதோடு கழிவறைக்குப் போவது ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை. ஒருத்தி உள்ளே, இரண்டு பேர் துணியைத் தூக்கிப் பிடித்தபடி. மாலை ஆறு மணியிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்று என் பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள். மாதவிலக்கின் இரண்டாம் நாள் என்றும் சொன்னாள். 11 பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. பையில்லாத உடையில் அறைச்சாவியை எங்கே வைப்பது என்பதற்கு மட்டும் விடை இருந்தது: நிறத்துக்குப் பொருத்தமாகச் சுருக்குப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

‘வெள்ளையும் கறுப்பும் தவிர்க்கவும்’ என்று கையேட்டில் ஒரு வரி. அமங்கலம் என்று காரணம் எழுதவில்லை, எழுதவும் வேண்டியதில்லை. எல்லோருக்கும் புரியும். ஆனால் யாருடைய மரபில் வெள்ளை அமங்கலம்? எங்கள் ஊர்த் தேவாலயங்களில் வெள்ளைச் சேலையில் மணப்பெண் நடந்து வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எல்லையைத் தாண்டினால் கேரளத்தில் கசவுக்கரை வைத்த வெண்சேலை நல்ல நாளுக்கு உரியது. அம்பேத்கரைப் பின்பற்றி பௌத்தம் தழுவியவர்களின் திருமணங்களில் மணமக்கள் வெள்ளை உடுத்துவார்கள். ‘மேட் இன் ஹெவன்’ தொடரின் இரண்டாம் பருவத்தில், 2023இல், நீரஜ் கய்வான் இயக்கிய அத்தியாயத்தில் ராதிகா ஆப்தே நடித்த தலித் பெண் வெள்ளைச் சேலையில் மணமேடையில் நிற்கிறாள். ஆடம்பரக் கல்யாணங்களின் சிவப்பையும் தங்கத்தையுமே காட்டிவந்த தொடரில் அந்த வெள்ளை, வசனம் எதுவும் இல்லாமலே ஒரு வாதமாக நிற்கிறது. ‘இந்தியப் பாரம்பரிய உடை’ என்று கையேடு ஒருமையில் பேசும்போது இந்த வெள்ளைகளையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் பேசுகிறது.

இனி அம்மாவைப் பற்றி. அப்பா இறந்து 17 வருடமாகிறது. அம்மா வெள்ளைக்குப் போகவில்லை, எங்கள் வீட்டில் அந்த வழக்கமும் இல்லை. ஆனால் நிறங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோயின. சிவப்பு போயிற்று, மஞ்சள் போயிற்று, கிளிப்பச்சை போயிற்று. சாம்பல், காப்பிப்பொடி, வெளிறிய நீலம் மட்டும் அலமாரியில் மிஞ்சின. யாரும் உத்தரவு போடவில்லை. அத்தை ஒருமுறை, ‘மைனி, இது கொஞ்சம் எடுப்பா இருக்கோ?’ என்று கேட்டாள். அவ்வளவு போதுமாக இருந்தது. நான் வாங்கிக் கொடுத்த நிறச் சேலைகள் எல்லாம் உறவுக்காரப் பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பரிசாகப் போய்ச் சேர்ந்தன. எனக்குத் தெரிந்த பெண்ணியம் முழுவதையும் அம்மாவிடம் பேசித் தோற்றிருக்கிறேன்.

அந்தக் கையேடு ஜெயித்தது. ஹல்திக்குக் கடுகு மஞ்சள் என்று எழுதியிருக்கிறது அம்மா, எல்லாரும் கட்டணுமாம் என்றேன். ‘எல்லாருமா?’ என்று கேட்டாள். மாதிரிப் படங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். ‘அவங்க வீட்டு முறை அப்படின்னா நாம என்ன செய்ய முடியும், மக்களே’ என்றாள். நான் 17 வருடம் சொல்லிக் கேட்காததை, முகம் தெரியாத ஒரு நிகழ்ச்சி நிறுவனத்தின் கட்டளை செய்துவிட்டது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது எனக்கு இருந்த தெளிவான கோபம் கலங்கியது இந்த இடத்தில்தான். அடக்குகிற கட்டளையே ஒருத்திக்குச் சாக்காகவும் அமைந்துவிடுகிறது. தானாக ஆசைப்பட்டாள் என்ற பழி இல்லாமல் மஞ்சள் உடுத்த அவளுக்கு வழி கிடைத்தது.

ஹல்தி காலையில். சாமந்திச் சரங்கள், மஞ்சள் குடைகள், மஞ்சள் மெத்தைகள். அம்மா மஞ்சள் சேலையில் வந்து உட்கார்ந்தபோது கையை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல இருந்தாள். தோழியின் அத்தை அருகம்புல்லை மஞ்சளில் தோய்த்துக்கொண்டு, ‘சுஹாகன்கள் எல்லாம் வாருங்கள்’ என்று இந்தியில் கூப்பிட்டார். சுஹாகன் என்றால் நம் சுமங்கலிதான். அம்மாவுக்கு இந்தி தெரியாது. எழுந்துபோனவர்கள் யார், எழாமல் இருந்தவர்கள் யார் என்று பார்த்தே அவளுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரிந்துவிட்டது. தோழியின் பாட்டி ஒரு மூலையில், மஞ்சளாக அல்லாமல் வெளிர்ச் சந்தன நிறத்தில், எழாமல் இருந்தார். மெத்தையில் இருந்த தோழி தமிழில், ‘ஆன்ட்டி, நீங்களும் வந்து பூசுங்க’ என்று உரக்கக் கூப்பிட்டாள். அத்தையின் கை ஒரு கணம் நின்றது. ‘இருக்கட்டும் மக்களே, நான் இங்க இருந்தே பாத்துக்கிடுகேன்’ என்று அம்மா சிரித்தாள்.

கால்மணி நேரம் கழித்துப் புகைப்படக்காரர் எல்லா மஞ்சள்களையும் அழைத்தார். அம்மாவை இரண்டு பெண்கள் கையைப் பிடித்து இழுத்துப்போய் முன்வரிசையில் நிறுத்தினார்கள். படத்துக்கு அவள் மஞ்சள் தேவைப்பட்டது, சடங்குக்கு அவள் கை தேவைப்படவில்லை. கையேடு நவீனமானது, விதவைக்கும் நிறம் ஒதுக்குகிறது. ஆனால் அது ஆள்வது துணியை மட்டும்தான். மஞ்சளைத் தொடுகிற உரிமை வேறொரு பழைய கையேட்டில் இருக்கிறது. அதற்கு அச்சுப் பிரதி கிடையாது, வாட்ஸ்அப்பில் வராது.

அன்று இரவு அறையில் நான் கொதித்தேன். அம்மா ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பியில் போட்டுக்கொண்டே, ‘அந்தப் பாட்டிய பாத்தியா? நிறங்கூட குடுக்கல்ல அவளுக்கு’ என்றாள். அவள் பார்த்ததை நான் பார்க்கவில்லை.

கல்யாண நாளின் ‘ராஜபுதானத்து அரச மரபு’ பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. எங்கள் ஊர்க்காரிக்கு உடைக் கட்டளை என்றால் ஒரு பழைய வலி உண்டு. தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின் 1859இல் திருவிதாங்கூர் அரசு, நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் உடுத்தக் கூடாது என்று ஒரு வாலும் அதில் ஒட்டியிருந்தது. என் பாட்டியின் பாட்டிக்கு அனுமதி இப்படித்தான் வந்தது. உடுத்து, ஆனால் அவளை மிஞ்சாதே. இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஒன்றுக்காக அடிபட்டார்கள், தேவாலயங்களும் பள்ளிகளும் எரிந்தன. இன்னொன்று விருந்துக் கையேடு. ஆனால் வாக்கியத்தின் அமைப்பு என் காதுக்குப் பழகியதாக இருந்தது.

ராஜபுத்திரப் பெண்களின் போஷாக்கை, அதாவது காக்ராவும் காஞ்சளியும் குர்த்தியும் ஓட்னியும் சேர்ந்த உடையை, விருந்தாளிகள் பலர் வாடகைக்கு எடுத்து உடுத்தியிருந்தார்கள். அழகான உடை, அதில் சந்தேகமில்லை. அதன் ஓட்னி முகத்தை மூட உண்டானது என்பதை மட்டும் நாங்கள் மறந்துவிட்டு, தோளில் குத்திக்கொண்டோம். உதய்பூர் அரண்மனையில் ஜனானா மஹால் இருக்கிறது, பெண்கள் யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்த பகுதி. 1987 செப்டம்பரில் இதே ராஜஸ்தானின் தேவ்ராலா கிராமத்தில் 18 வயது ரூப் கன்வர் கணவனின் சிதையில் எரிந்தாள். மணப்பெண் அலங்காரத்தில் இருந்தாள் என்று அப்போதைய செய்திகள் சொல்லின. பதின்மூன்றாம் நாள், நீதிமன்றத் தடையையும் மீறி, பெருங்கூட்டம் கூடிச் ‘சுன்ரி மஹோத்சவ்’ நடத்தியது. சுன்ரி என்பது மணப்பெண் தலையில் போடும் அதே சிவப்பு முக்காடு. அரச மரபு என்று எழுதினால் இதெல்லாமும் அந்த மரபுக்குள் வரும். குதிரையேறி வரும் தலித் மாப்பிள்ளைகளுக்குப் போலீஸ் காவல் தேவைப்படும் செய்திகள் இன்றும் அந்த மாநிலத்துக் கிராமங்களிலிருந்து வருகின்றன. எங்கள் மாப்பிள்ளையும் வெள்ளைக்குதிரையில்தான் வந்தார். வழியெல்லாம் பட்டாசு.

அரண்மனை விடுதியின் வாசலில் ஆறு பெண்கள் நின்றார்கள். லெஹரியா ஓட்னி, கண்ணாடி பதித்த காக்ரா, தலையில் பித்தளைக் குடம். வருகிற ஒவ்வொருவர் மேலும் ரோஜா இதழைத் தூவிப் பாட வேண்டும். உடைக் கட்டளை அவர்களுக்கும் இருந்திருக்கிறது, கூலியோடு சேர்த்து. ‘உங்க ஊர்ல தினம் இதத்தான் உடுத்துவீங்களா?’ என்று அம்மா ஒருத்தியிடம் கேட்கச் சொன்னாள். என் அரைகுறை இந்தியில் கேட்டேன். இல்லை, இது கம்பெனி கொடுத்தது, இரவு திருப்பிக் கொடுக்க வேண்டும், வீட்டில் நைலக்ஸ் சேலை என்றாள். குடத்தைத் தலையிலிருந்து இறக்காமலே பதில் சொன்னாள். வாடகை உடையில் நானும் அவளும் எதிரெதிரே நின்றோம். அவளுடையதற்கு வாடகையை வேறு யாரோ கொடுத்திருந்தார்கள்.

எங்கள் உடம்பில் இருந்த ஜரிகை வேலையும் கோட்டா வேலையும் எத்தனையோ கைகளைக் கடந்து வந்தவை. பாந்தினியின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு, பெரும்பாலும் வீட்டில் இருந்து பெண்கள் கட்டுவது. கையேட்டின் 11 பக்கத்தில் வடிவமைப்பாளர் பெயர்கள் நிறைய இருந்தன.

ஊர் திரும்பினோம். லெஹங்காவைத் திருப்பிக் கொடுத்தேன். ஓரத்தில் புல்கறை என்று 600 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவின் மஞ்சள் சேலை எந்தப் பிள்ளையின் கல்யாணப் பரிசாகப் போகப்போகிறதோ என்று நினைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து அம்மா தொலைபேசியில், தோழி புகுந்த வீட்டில் எப்படி இருக்கிறாள், முந்திரிக்கொத்து அனுப்பினால் உதிராமல் போய்ச் சேருமா என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டாள்: ‘மக்களே, அந்த மஞ்ச சேலைக்க பிளவுசு கை கொஞ்சம் இறுக்கமாட்டு இருக்கு. பிரிச்சுத் தைக்கக் குடுக்கட்டா?’